படத்துக்கு மாலை போடாத சங்கரபாண்டி அண்ணாச்சி

அன்று காலை நான் ஒரு கல்யாணத்தை நிறுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் படப்பிடிப்புக்குப் போக வேண்டிய காட்சி. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்க வேண்டும், வாசலில் யாரோ "நிறுத்துங்க" என்று கத்த வேண்டும். அந்தச் சொல்லை எழுதி முடித்தபோது கைபேசி அடித்தது. வடகரையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினி. மதினி எப்போதும் எடுத்த எடுப்பில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அன்று கேட்கவில்லை.

"செல்வி, ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ. காப்பி குடிச்சிட்டு நெஞ்ச அடைக்குன்னாவ. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

வெகுநேரம் கழித்துப் பார்த்தபோது அந்த மாப்பிள்ளை கையில் தாலியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். காட்சியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தென்காசிக்கு ரயில் ஏறினேன்.

தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிய வடகரை சங்கரபாண்டியை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து தொடர் பார்ப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது, ஆனால் அவர் படைத்த மரகதத்தைத் தெரியும். அவர் காட்சிகளை அமைப்பார், நான் அவற்றுக்கு வசனம் எழுதுவேன். நான் சுரண்டைக்காரி. ஒரே பக்கத்து ஆட்கள் என்பதால் எங்கள் சண்டைக்கும் குறைவில்லை. சென்னையில் எல்லோரும் அவரை சார் என்று அழைத்தபோது நான் மட்டும் அண்ணாச்சி என்றேன்.

சாரல் தொடங்கிவிட்டால் அண்ணாச்சியைச் சென்னையில் பிடித்துவைக்க முடியாது. குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு விடுதியில் அறை எடுத்துவிடுவார். கதை விவாதம் அங்கேதான். காலையில் எல்லோரும் தலையில் எண்ணெய் வைத்து, தோளில் துண்டோடு உட்கார்ந்திருப்போம். அன்றைய காட்சி முடிவாகாமல் யாரும் அருவிக்குப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். மாமியார் பால் டம்ளரைக் கீழே போடுவதா, மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவதா என்று எண்ணெய் வழிய வழியச் சண்டை போட்டிருக்கிறோம். "டம்ளரப் போட்டா சத்தம் வரும். வச்சிட்டுப் போனாத்தான் மருமவளுக்கு ஒறக்கம் வராது" என்று அவர் சொன்ன பிறகே ஒருநாள் எங்களுக்குக் குளிக்க விடுதலை கிடைத்தது.

விவாதத்துக்கு நடுவே ஏதாவது ஒரு மாலையில் என்னைத் தென்காசிக்கு அழைத்துப் போவார். கோமதி மதினியின் அண்ணன் வீடு. அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் ஒரே தொலைக்காட்சி, ஒரே ரிமோட். ஏட்டையா, அவர் மனைவி, மருமகள் மூவரும் அதன் முன்னால் இருப்பார்கள். அண்ணாச்சி ஒரு நாற்காலியை எடுத்து, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிப் போட்டு, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். முதல் தடவை எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"மாப்பிள, டிவி அந்தப் பக்கம்லா இருக்கு" என்றார் ஏட்டையா.

"தெரியும் மச்சான். நான் எழுதினதத்தான அது காட்டப் போவுது. ஒங்க மூஞ்சியில என்ன ஓடுதுன்னு பாக்க வந்தேன்."

ஏட்டையாவுக்குப் பிடித்தது பேய்த் தொடர். போலீஸ் வேலை பார்த்தவர் துப்பறியும் தொடர்தானே பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "அதுல ஏட்டு கேசு எழுதுத லட்சணத்தப் பாத்தா எனக்கு வயிறு எரியுது தாயி. பேய நான் கண்ணால பாத்ததில்ல. அவங்க காட்டுததை நம்பிப் பாக்கலாம்." அவர் மனைவிக்கு அம்மன் தொடர்தான் வேண்டும். கொடுமைக்காரர்கள் எத்தனை மாதம் ஆடினாலும் கடைசியில் அம்மன் சூலத்தோடு வந்துவிடுவாள் என்ற உறுதி அதில் உண்டு. மருமகளுக்கு மாமியார் மருமகள் கதை. திரையில் மாமியாருக்கு மருமகள் சரியாகக் கொடுக்கிற இடம் வந்தால் அந்தப் பெண் திரையைப் பார்க்க மாட்டாள், கடைக்கண்ணால் தன் மாமியாரைப் பார்ப்பாள். அந்த அம்மாளுக்குச் சரியாக அப்போதுதான் கொட்டாவி வரும்.

திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார். "அந்தப் பிள்ள வாயத் தொறந்து நாலு வார்த்த பேசி நான் பாத்ததில்ல செல்வி. அவ பேச வேண்டியதத்தான் நீ எழுதிக்கிட்டு இருக்க. பாத்து எழுது" என்றார். எந்த வகைத் தொடரையும் அவர் மட்டமாகப் பேசிக் கேட்டதில்லை. பேய், பாம்பு, அம்மன், அழுகை எல்லாவற்றுக்கும் ஒரு வீட்டில் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பார். அழுகைத் தொடர் என்று யாராவது ஏளனம் செய்தால் மட்டும் கோபம் வரும். "அவங்க வீட்ல உக்காந்து அழ எடமில்ல, அதான் ஒன் தொடர்ல வந்து அழுதாவ" என்று ஒரு புதிய இயக்குநரை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டிருக்கிறார்.

அவருக்கு இருந்த ஒரே பிடிவாதத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. தினத்தொடரில் ஒரு நடிகர் பாதியில் விலகிவிட்டால் அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிடுவது வழக்கம். சுவரில் ஒரு படம், அதற்கு மாலை, மேலே சின்ன பல்பு, ஒரு வாரம் அழுகை. எல்லோருக்கும் வசதியான வழி. அண்ணாச்சி மட்டும் அதற்கு ஒப்பமாட்டார். துபாய்க்கு அனுப்புவார், சிங்கப்பூருக்கு அனுப்புவார், காசிக்கு அனுப்புவார். சபரிமலைக்குப் போன ஒருவரை அங்கேயே அன்னதானத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் உதவியாளர்கள் அவர் தொடரை டிராவல்ஸ் ஆபீஸ் என்றே சொல்வார்கள். அவரும் கேட்டுச் சிரிப்பார், ஆனால் மசியமாட்டார்.

காரணத்தை ஒருமுறை குற்றாலத்து அறையில் சொன்னார். வெளியே சாரல், நாங்கள் மங்குஸ்தானை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். அவர் எழுதவந்த புதிதில் ஒரு தொடரில் ராணுவத்துக்குப் போன மகன் பாத்திரம் ஒன்று இருந்தது. நடித்த பையனுக்குச் சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. எல்லையில் இறந்தான் என்று முடித்து, படத்துக்கு மாலையும் போட்டாயிற்று. அடுத்த வாரம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணாச்சி வடகரைக்கு வந்தார். எதிர்வீட்டு வேலம்மாள் படியேறி வந்தாள். அவள் மகன் உண்மையிலேயே எல்லையில் இருந்தான்.

"ஏ சங்கரா, அந்தப் பயலோட அம்ம அழுத அழுகைய எழுதினது நீதானலே? என் மவன் லீவுக்கு வர இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் எனக்கு எப்படிலே ஒறக்கம் வரும்?"

இவர் எழுந்து நின்றாராம். "அந்தப் பய நல்லாத்தான் இருந்தான், லீவுக்கும் வந்தான், இப்ப பென்சன் வாங்கிட்டு ஊர்லதான் இருக்கான். அது வேற. அந்த அம்மா ஒரு மாசம் படுத்த பாட்ட என்னால திருப்பி எடுக்க முடியல. அதோட சரி, இனும படத்துல மாலை கெடையாது" என்றார். பழத்தோல்களை எல்லாம் ஒரு காகிதத்தில் வாரிக்கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். அன்று காட்சி எதுவும் முடிவாகாமலேயே எங்களைக் குளிக்கப் போகச் சொன்னார்.

பிறகுதான் மரகதம். எங்கள் தொடர்களில் அதிகம் பேர் பார்த்த தொடர் அது. கூட்டுக் குடும்பத்தின் தலைவி மரகதமாக வசுந்தரா அம்மா நடித்தார். அவர் முந்தானையை இழுத்துச் செருகினால் எதிராளி மூன்று நாள் எபிசோடுக்கு வாய் திறக்க முடியாது. தொடர் உச்சத்தில் இருந்தபோது அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு எத்தனை மாதம் ஆகும் என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி மரகதத்தைப் பெங்களூருக்கு, மகள் வீட்டுக்குப் பேறுகாலம் பார்க்க அனுப்பினார். வீட்டில் இருப்பவர்கள் தினமும் அவரோடு தொலைபேசியில் பேசுவார்கள். மறுமுனைக் குரல் கேட்காது.

அந்த ஒற்றைப் பக்க உரையாடல்களை எழுதியது நான். "சொல்லுங்கம்மா. சரிம்மா. அப்படியே செய்றேன்மா" என்று கடகடவென்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எடம் விடு செல்வி. 'சொல்லுங்கம்மா'வுக்குப் பொறவு எடம் விடு. அந்தம்மா பேசி முடிக்காண்டாமா?"

"அவங்க குரலே வரப் போறதில்லையே அண்ணாச்சி."

"வராட்டா என்ன? எடம் விடு."

விட்டேன். நடிகர்களுக்குக்கூட எரிச்சல்தான், வெறும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது என்று. சில வாரங்கள் கழித்து இருவரும் வசுந்தரா அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் தொடர் ஓடுகிற நேரம். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் மூத்த மருமகள் தொலைபேசியை எடுத்து "சொல்லுங்கம்மா" என்றாள். கட்டிலில் இருந்து வசுந்தரா அம்மா, மரகதத்தின் அதே கம்பீரத்தோடு, "பத்திரத்தை அவன் கையில குடுத்துடாதே, பீரோ சாவிய நீயே வச்சுக்கோ" என்றார். மருமகள் "சரிம்மா" என்றாள். நான் விட்ட இடத்தில் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. வெளியே வந்ததும் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், "நாளைக்குள்ளதுல இன்னுங் கொஞ்சம் கூட எடம் விடு. இருமுதாவ பாத்தியா" என்றார்.

பேறுகாலம் நீண்டுகொண்டே போனது. பார்க்கிறவர்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் என் தம்பி, "யக்கா, அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் பல்லு மொளச்சிருக்கும்லா" என்றான். தொடர் பார்ப்போர் எண்ணிக்கை சரிந்தது. குற்றாலத்து அறைக்கே சேனலின் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மாதிரியான இளைஞர்தான், அவருக்கு மேலே இருப்பவர்கள் சொன்னதை அவர் சொன்னார்.

"சார், மரகதம் படத்துக்கு மாலை போட்டுடுங்க. ஒரு வாரம் அழுகை. போன ஆடியன்ஸ் எல்லாம் திரும்ப வந்துடுவாங்க."

"அந்தம்மா ஆஸ்பத்திரியில இருந்து பாத்துக்கிட்டு இருக்காவ தம்பி."

"அதுக்கு நாம என்ன சார் பண்ண முடியும்?"

"நாளைக்கும் போன் பேசலாம்."

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் சாரலைப் பார்த்தேன். அண்ணாச்சியையும் என்னையும் ஒரே நாளில் தொடரிலிருந்து மாற்றினார்கள். என் பிழைப்பும் அதில் இருந்தது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம்தான். கேட்டிருந்தாலும் நான் வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெனாவட்டுதான் எனக்கு எரிச்சல்.

புதிய குழு மரகதத்தின் படத்துக்கு மாலை போட்ட காட்சி ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அண்ணாச்சி வடகரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனார். டிவியை அணைத்துவிடலாம் என்று நான் சொன்னதை வசுந்தரா அம்மா கேட்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியை எடுத்துத் திரைக்கு முதுகைக் காட்டிப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். திரையில் தன் படத்தையும் மாலையையும் அந்த அம்மாள் விடாமல் பார்த்தார். மருமகள்கள் தரையில் புரண்டு அழுதார்கள். விளம்பரம் வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நான் செத்தது எனக்கே தெரியலையே சங்கரபாண்டி."

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அவங்க கதைம்மா. நம்ம கதையில நீங்க இன்னும் பெங்களூர்லதான் இருக்கிய. பேறுகாலம் முடிச்சிட்டு மெதுவா வாங்க, நாங்க இங்கனயேதான் இருப்போம்."

அவர் முதுகு மட்டும் குலுங்கியது. அண்ணாச்சி அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு அவருக்குத் தினத்தொடர் எதுவும் வரவில்லை. சொன்னதைக் கேட்கமாட்டார் என்ற பெயர் இந்தத் தொழிலில் சீக்கிரம் பரவும். வடகரைக்கே போய்த் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டார். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மறுத்ததை நினைத்து ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. நான் எழுதுகிற தொடர்களை விடாமல் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கூப்பிட்டு வைவார். ஒரு பாம்புத் தொடருக்கு நான் வசனம் எழுதியபோது, "பாம்பு ரொம்பப் பேசுது செல்வி. அது சும்மா கெடந்து பாத்தாலே எங்களுக்குப் பயமாத்தான் இருக்கும்" என்றார். மதினி பின்னாலிருந்து, "இவுக பயந்து நான் பாத்ததில்ல, எனக்குத்தான் பாம்பு தொடர் பிடிக்கும்" என்பது கேட்கும். மதினி பார்ப்பார், இவர் மதினியைப் பார்ப்பார். வடகரை வீட்டில் அவர் நாற்காலி கிடப்பது அப்படித்தான்.

காரியத்தன்று நான் மறுபடியும் போயிருந்தேன். கூடத்தில் அந்த நாற்காலி அதே இடத்தில் அதே பக்கம் பார்த்துக் கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. எதிரே சுவரோரம் ஒரு மேசையில் அவர் படம், முன்னால் விளக்கு. குற்றாலத்தில் தோளில் துண்டோடு எடுத்த படம். மதியத்துக்கு முன்னால் வாசலில் ஒரு கார் நின்றது. வசுந்தரா அம்மா இறங்கி வந்தார். தலைமுடி நன்றாக வளர்ந்து நரைத்திருந்தது. ஊர்ப் பெண்கள், "ஏட்டி, மரகதம்லா வருதா" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஒருத்தி, "செத்துப் போனாவன்னு காட்டினானுவளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வசுந்தரா அம்மாவின் கையில் ரோஜா மாலை இருந்தது. படத்தின் முன்னால் வந்து நின்றார். மாலையை உயர்த்தவில்லை. கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் போட மாட்டேன்னவருக்கு நான் எப்படிம்மா போடுவேன்?" என்றார் மதினியிடம்.

மதினி எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். "போடுங்கம்மா. கதையிலதான அவுக வேண்டாம்னாவ" என்றார்.

வசுந்தரா அம்மா மாலையைப் போட்டார். பிறகு திரும்பி, காலியாகக் கிடந்த அந்த நாற்காலியைப் பார்த்து, மரகதத்தின் குரலில் பேசினார். தொலைபேசியில் பேசுவது போலவே நிதானமாகப் பேசினார்.

"சங்கரபாண்டி, பேறுகாலம் முடிஞ்சுதுப்பா. நான் வந்துட்டேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அண்ணாச்சி பதில் சொல்லி முடிக்கிற நேரம் வரை நின்றார். பிறகு "சரிப்பா" என்று தலையை ஆட்டிவிட்டு மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அண்ணாச்சியைத் தெரிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். சென்ற வாரம் நான் எழுதும் தொடரில் பெரியப்பாவாக நடிப்பவர் விலகிவிட்டார். படத்துக்கு மாலை போட்டு முடித்துவிடச் சொன்னார்கள். நான் அந்தப் பெரியப்பாவைக் குற்றாலத்துக்கு, சாரலுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டிலிருந்து அவர் மகள் போனில் கூப்பிடுகிறாள். "சொல்லுங்கப்பா" என்று எழுதி, அதன் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.